அரைப்பேர்

மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பேசும். குறித்த கிலோ வந்துவிட்டால் அன்றைக்கு ‘பேர்’. குறைந்தால் ‘அரைப்பேர்’. நாட்கூலிக்கு இலங்கையின் மலையகம் வைத்திருக்கும் சொல் இது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டில் முழு ஆளாக நின்றவள் சாயங்காலம் கணக்கில் பாதி ஆளாகிவிடுவாள். பாரிஸின் அபத்த நாடகாசிரியர் ஒருவர் இப்படியொரு சொல்லை உண்டாக்கியிருந்தால் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அட்டனில் அது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டுச் சமாசாரம்.

‘அபத்தம்’ என்றால் நமக்கு உளறல். இலக்கியத்தில் அதன் பொருள் வேறு. அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட ‘சிசிபஸின் புராணம்’ நூலின்படி உலகம் தனியாக அபத்தமாவதில்லை, மனிதனும் தனியாக அபத்தமாவதில்லை. ‘ஏன்?’ என்று இவன் கேட்க, அது வாய் திறக்காமல் இருக்கிறதே, அந்த மோதலுக்குத்தான் அபத்தம் என்று பெயர். கிரேக்கக் கதையின் சிசிபஸ் கல்லை மலையுச்சிக்கு ஏற்றுவான், அது உருண்டு வரும், மறுபடி ஏற்றுவான். அவன் கீழே இறங்கிவரும் நடையில்தான் காம்யுவுக்கு அக்கறை. தன் நிலையைத் தெரிந்துகொண்டே இறங்குகிறவனைத் தெய்வங்களாலும் தோற்கடிக்க முடியாது என்பது அவர் கட்சி.

நுவரெலியாச் சரிவில் அந்தக் கல் பச்சையாக இருக்கிறது. தேயிலை செடியல்ல, மரம். விட்டால் முப்பது அடிக்கு மேலும் வளரும். அதை இடுப்பளவில் நிறுத்துவது கொய்யும் விரல்களும் சில வருடங்களுக்கொருமுறை விழும் கவ்வாத்துக் கத்தியும்தான். நுனி மொட்டில் ஊறும் ஆக்சின் என்ற வளரூக்கி கீழே இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளியதும் அந்த அதிகாரம் போய், உறங்கிய மொட்டுகள் துளிர்க்கும். ஒரு வாரம், பத்து நாளில் அதே நிரைக்குக் கூடையோடு திரும்ப வேண்டும். சிசிபஸின் கல் தானாக உருண்டது. இங்கே ஏற்றுகிற கையேதான் உருட்டியும் விடுகிறது.

காம்யுவுக்கு முன்பே காஃப்கா இருந்தார். பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவர்; கோப்புகளின் குணம் தெரிந்தவர். அவர் இறந்தபின் 1926இல் வெளிவந்த ‘கோட்டை’ நாவலில் ஒரு நிலஅளவையாளர் ஊருக்கு வந்து சேர்கிறார். அவரை அழைத்ததே தவறோ என்ற குழப்பம் தீர்வதில்லை. ஊரிலும் இடமில்லை, கோட்டைக்குள்ளும் வழியில்லை. பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறியது. இருவர் காத்திருக்கிறார்கள், வரவேண்டியவர் வரவில்லை, அவ்வளவுதான் கதை. அயனெஸ்கோ, அதாமோவ் என்று ஒரு கூட்டமே இப்படி எழுத, 1960இல் விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் அதற்கு ‘அபத்த அரங்கு’ என்று பெயர் சூட்டினார். 1957இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் பெக்கெட்டின் நாடகத்தை ஏறத்தாழ 1,400 கைதிகள் பார்த்தார்கள். படித்தவர்கள் திணறிய நாடகம் அவர்களுக்குச் சிரமமாக இல்லை. காத்திருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

மலையகமும் அப்படிப்பட்ட சபைதான். 1948இன் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே, தகப்பனாவது இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயக் குடியிருப்பில் யார் பூட்டனுடைய பிறப்புச் சான்றிதழை வைத்திருந்தார்கள்? 1949இல் இன்னொரு சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஆறில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றிருந்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழுக்கு நான்கு என்பது விகிதம். பிறகு 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.

காம்யுவின் அபத்தத்தில் மௌனம் பிரபஞ்சத்துடையது. யாரிடமும் முறையிட முடியாது. மலையகத்தின் மௌனத்துக்குச் சட்ட இலக்கம் உண்டு, கையெழுத்து உண்டு, முத்திரை உண்டு. அதனால்தான் இங்கே அபத்தப் பாணி ஒன்று முளைக்கவில்லை என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் ந. முத்துசாமி ‘காலம் காலமாக’ நாடகத்தில் அந்தச் சாயலைத் தொட்டுப் பார்த்தார். மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளையோ தெளிவத்தை ஜோசப்போ அதைத் தேடிப் போகவில்லை. 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி., தன்னைத் தெரிவு செய்தவர்களின் வாக்குரிமை பறிபோனதைக் கண்ணால் கண்டவர். அவர் எழுதிய இரண்டு நூல்களின் பெயர்கள் ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’. இதற்கு மேல் கற்பனை எதற்கு? நடந்ததை நடந்தபடி எழுதினாலே காஃப்காவின் வாடை அடித்தது.

அந்த ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் பலரை நீலகிரி ஏற்றுக்கொண்டது. தாயகம் திரும்பியோருக்கென்றே 1968இல் தமிழக அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னாளில் அதுவே ‘டான்டீ’. தலைமன்னார் வரை கோச்சி என்ற ரயில், அங்கிருந்து கப்பல், மண்டபம் முகாம், மறுபடி மலை, மறுபடி அதே செடி, முதுகில் கூடை. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்களைக் கூடலூரில் ‘சிலோன்காரங்க’ என்று கூப்பிட்டார்கள்.