சுண்ணாம்புத் தூசி நிரபராதி!

பெரம்பலூர் வாட்ச் ரிப்பேர் கடையில், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டால் விடுவேனா! கடைக்காரர் கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக் கழற்றி நீட்டினார். "பாருங்க தம்பி, என்ன கூத்து நடந்திருக்குன்னு."

அடேயப்பா! வெறும் கண்ணுக்குப் பளபளத்த ஸ்மார்ட்வாட்ச், லென்ஸுக்குள் உழுத மக்காச்சோளக் காடாகக் கிடந்தது. மெல்லிய கோடுகள், பெரும்பாலும் ஒரே பக்கமாக வளைந்தவை. "எல்லாம் சட்டை நுனியில துடைச்ச கோடு" என்றார். நடுவில் தடித்த வெள்ளிக்கோடு ஒன்று. கண்ணாடியே போச்சு என்று பதறினேன். பென்சில் ரப்பரால் தேய்த்தார், கரைந்து போனது! இரும்புக் கேட்டில் உரசியபோது கண்ணாடியில் அப்பிய உலோகமாம். அது கீறலே இல்லை!

அப்புறம்தான் சுவாரசியம். அரியலூர்க்காரர்கள் கீறலுக்கெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரியைத் திட்டுவார்கள். ஆனால் அந்தத் தூசியால் கண்ணாடியைக் கீற முடியுமா? 1812இல் மோஸ் என்ற ஜெர்மன் அறிஞர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் அதில் வெறும் 3. சாதாரண வாட்ச் கண்ணாடியோ 6க்குப் பக்கத்தில். அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் வெட்டுவது சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் சிப்பிகள் நிறைந்த கல். அந்த டைனோசர் காலத்துச் சிப்பியின் பொடி உங்கள் வாட்ச்சில் படிந்தாலும் கண்ணாடியைக் கீறவே கீறாது!

கீறுவது குவார்ட்ஸ் என்ற கனிமம். கடினம் 7. பெரம்பலூர்ப் பக்கத்துக் கருங்கல் கிரஷர் தூசியில் அது உண்டு, எம்-சாண்டில் உண்டு, கொள்ளிடத்து மணலில் உண்டு, சாலைப் புழுதியிலும் உண்டு. லாரி கிளப்பும் வெள்ளைப் பொடியோடு இந்த மணலும் கலந்துதான் கையில் வந்து உட்காருகிறது. உட்கார்ந்தால் பரவாயில்லை, அதை வைத்துக்கொண்டே நாம் தேய்க்கிறோமே, அங்கேதான் கோடு விழுகிறது.

விலை கூடிய வாட்ச்சுகளின் சஃபயர் கண்ணாடி 9, குவார்ட்ஸால் தொடமுடியாது. ஆனால் கருங்கல் தரையில் விழுந்தால் அதுவும் உடையும். அலுமினிய உடம்பில் நிறமேற்றிய மேல்பூச்சு மெல்லிசு. கதவு நிலையில் இடிபடும் ஓரத்தில்தான் முதலில் வெள்ளை தெரியும்.

தண்ணீர் தாங்கும் வாட்ச் என்றால் வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் மெதுவாக அலசிவிட்டு, பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றுங்கள். தாங்காதது என்றால் ஊதிவிட்டுத் துடையுங்கள். கிரஷரிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டிவிடுங்கள்.