ஒன்பதே ஆண்டுகள் வாழ்ந்த மலை

ஒரு மலை எப்போது தோன்றியது என்று நிலவியலாளர்களைக் கேட்டால் லட்சத்திலும் கோடியிலும் கணக்குச் சொல்வார்கள். மெக்சிகோவில் உள்ள ஒரு மலைக்கோ பிறந்த நாளும் தெரியும், நேரமும் தெரியும். 1943 பிப்ரவரி 20, சனிக்கிழமை, மாலை நான்கு மணிவாக்கில் அது பிறந்தது. பெயர் பரீகுட்டின்.

அன்று டியோனிசியோ புலிடோ என்ற விவசாயி, மிச்சோவாகன் மாநிலத்தில் பரீகுட்டின் கிராமத்தை ஒட்டியிருந்த தன் மக்காச்சோள வயலை விதைப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். சில வாரங்களாகவே அந்த வட்டாரத்தில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மட்டும் சுமார் 300 அதிர்வுகள். இடி முழங்குவது போன்ற சத்தமும் கேட்டது. அது வந்தது வானத்திலிருந்து அல்ல, காலுக்கடியிலிருந்து. சனிக்கிழமை மாலை வயலில் ஒரு விரிசல் கண்டது. அதன் ஓரத்தில் மண் ஆள் உயரத்துக்கு மேல் வீங்கி எழும்பியது. சீறிக்கொண்டு சாம்பல் நிறப் புகை கிளம்பியது. கூடவே அழுகிய முட்டையின் நாற்றம். கந்தகம் கலந்த வாயுக்களின் அடையாளம் அது. புலிடோ வயலை விட்டு ஓடினார்.

இரவெல்லாம் அந்த விரிசல் செந்தணலான கற்களை வானில் வீசியது. ஒரு நாள் முடிவதற்குள் சோள வயலில் 50 மீட்டர் உயரக் குன்று நின்றது. ஒரு வாரத்தில் அது 100 மீட்டரைத் தாண்டியது. முதல் பிறந்த நாளில் உயரம் 336 மீட்டர். 1952இல் எல்லாம் அடங்கியபோது 424 மீட்டர்.

எரிமலை என்றதும் நம் மனத்தில் முதலில் ஒரு மலை வந்து நிற்கிறது. பிறகுதான் அது வெடிக்கிறது. உண்மையான வரிசை வேறு என்பதைப் பரீகுட்டின் எல்லோர் கண் முன்னாலும் காட்டியது. முதலில் ஒரு துளை, பிறகு வெடிப்பு, அதற்குப் பிறகே மலை. துளையிலிருந்து வெளியே வந்த பொருள் துளையைச் சுற்றியே குவிந்து மலையாகிறது.

அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது? நாம் நிற்கும் புவி மேலோட்டுக்குக் கீழே முழுக்கக் கொதிக்கும் குழம்பு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பரவியுள்ள கவசம் என்னும் அடுக்கு, ஏறத்தாழ முழுவதும் திடப்பாறைதான். சூடு அங்கே ஏராளம். ஆனால் மேலிருந்து அழுத்தும் பாறையின் எடை, அதை உருகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எரிமலை உண்டாக வேண்டுமானால் அந்தப் பிடி எங்கேயாவது தளர வேண்டும்.

மெக்சிகோவில் அதைத் தளர்த்துவது தண்ணீர். பசிபிக் கடலடியில் உள்ள கொக்கோஸ் தட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெக்சிகோவுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. கடலில் ஊறிய பாறை அது. தாதுக்களுக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டே ஆழத்துக்குப் போகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில், சூடும் அழுத்தமும் சேர்ந்து அந்தத் தண்ணீரைப் பிழிந்து மேலே உள்ள கவசத்துக்குள் அனுப்புகின்றன. தண்ணீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கிவிடும். அப்படி உருகிய மாக்மா, சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது என்பதால் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

சரி, மேலே வந்தால் வழிந்து ஓட வேண்டியதுதானே, ஏன் வெடிக்கிறது? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும்வரை உள்ளே இருப்பது சாதாரணத் தண்ணீர் போலத்தான் தெரியும். கோலியை அழுத்தியதும் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழியாகப் பொங்குகிறது. மாக்மாவிலும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயுக்கள் எல்லாம் கரைந்து கிடக்கின்றன. தரையை நெருங்க நெருங்க அழுத்தம் குறைந்து அவை குமிழிகளாகின்றன. குமிழிகள் பெருத்து, குழம்பைச் சுக்குநூறாகக் கிழித்து மேலே வீசுகின்றன.

இதற்கான சாட்சியம் பரீகுட்டின் சரிவில் கிடக்கும் எந்தக் கல்லிலும் இருக்கிறது. கருமை அல்லது செம்பழுப்பு நிறம், சொரசொரப்பான விளிம்பு, பார்த்த அளவுக்குக் கனம் இல்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம். குமிழி வெளியேறி முடிப்பதற்குள் கல் உறைந்துவிட்டது. இப்படிப்பட்ட உதிரிக் கற்களைக் குவித்தால் சரிவு முப்பது டிகிரிக்குச் சற்று மேல்தான் நிற்கும். அதைவிடச் செங்குத்தானால் உருண்டு இறங்கிவிடும். மலைக்கு நேர்த்தியான கூம்பு வடிவம் வந்தது இதனால்தான். கூம்பு பெருக்கப் பெருக்க, ஒரு மீட்டர் உயரத்தைக் கூட்டுவதற்கே முன்பைவிட மிக அதிகமான கற்கள் தேவைப்பட்டன. வெடிப்பின் வேகமும் குறைந்தது. முதல் ஆண்டிலேயே 336 மீட்டர் எழுந்த மலை, மீதி 88 மீட்டரை எழுப்ப எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

வாயு நீங்கிய குழம்பு, லாவாவாக வழிந்தது. அதுவும் உச்சியிலிருந்து அல்ல, பெரும்பாலும் மலையின் அடிவாரத்திலிருந்து. உதிரிக் கற்களின் குவியலால் கனமான குழம்பை உச்சிவரை தாங்கிப் பிடிக்க முடியாது. அடியில் துளைத்துக்கொண்டு அது வெளியேறிவிடும். சுமார் 1,000 டிகிரி சூட்டில் கிளம்பினாலும் அது நடந்து விலகக்கூடிய வேகத்தில்தான் ஊர்ந்தது. பரீகுட்டின் கிராமமும், அருகில் இருந்த பெரிய ஊரான சான் ஹுவான் பரங்கரிகுட்டிரோவும் லாவாவுக்குள் புதைந்தன. மக்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். கருங்கற்காடாக உறைந்த லாவாவுக்கு மேலே சான் ஹுவான் தேவாலயத்தின் கோபுரம் இன்றும் தலை நீட்டி நிற்கிறது.

லாவாவாலோ சாம்பலாலோ அங்கே யாரும் இறக்கவில்லை. மூன்று பேர் இறந்தார்கள், மூவரையும் கொன்றது மின்னல். சாம்பல் துகள்கள் வானில் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பெறுகின்றன. எரிமலை தன் மேகத்தையும் மின்னலையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

மெக்சிகோவின் எசெக்கியேல் ஒர்தோன்யெஸ், ஹெனாரோ கொன்சாலெஸ், அமெரிக்காவின் வில்லியம் ஃபோஷாக் போன்ற நிலவியலாளர்கள் இந்த மலையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். டாக்டர் ஆட்ல் என்ற பெயரில் புகழ்பெற்ற ஓவியர், அதன் வளர்ச்சியைப் படம் படமாக வரைந்தார். ஆண்டுவாரியாகச் சேகரித்த கற்கள் இன்னொரு செய்தி சொல்லின. தொடக்கத்தில் லாவாவில் சிலிக்கா 55 சதவீத அளவில் இருந்தது; இறுதியில் அது 60ஐத் தொட்டது. வரும் வழியில் மேலோட்டுப் பாறையையும் மாக்மா உருக்கிக் கலந்துகொண்டிருந்தது என்று விளக்கினார்கள். சிலிக்கா கூடினால் குழம்பு பிசுபிசுக்கும். சிலிக்கா குறைந்த ஹவாய் லாவா தூரமாக ஓடிப் பரவி, மௌனா லோவா போன்ற அகன்ற, மெல்லச் சரியும் மலையை எழுப்புகிறது. பிசுபிசுப்பான குழம்போ வாயுவை எளிதில் வெளியே விடாது, கடுமையாக வெடிக்கும்.

ஜப்பானின் ஃபுஜி, இத்தாலியின் எட்னா போன்றவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பொங்கி, லாவாவும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து உயர்ந்தவை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் உள்ள பேரன் தீவும் அப்படித்தான். அங்கேயும் இந்தியத் தட்டு கடலடியில் சரிந்து இறங்குவதே காரணம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் அடங்கிக் கிடந்த அந்த எரிமலை 1991இல் மறுபடி விழித்தது.

பரீகுட்டின் அந்த வகை அல்ல. அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு தவணை மாக்மா. அது தீர்ந்ததும் வந்த வழி குளிர்ந்து இறுகி அடைத்துக்கொண்டது. அந்த மலை இனி வெடிக்காது. அந்த வட்டாரம் அப்படி அல்ல. மிச்சோவாகனிலும் பக்கத்து மாநிலமான குவானஹுவாட்டோவிலும் இதுபோன்ற கூம்புகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஹொருயோ என்ற மலை 1759இல் இதேபோல் விளைநிலத்தில் முளைத்ததுதான். 2020 தொடக்கத்தில் பரீகுட்டினுக்கு அருகே ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகள் பதிவாயின. ஆழத்தில் மாக்மா நகர்ந்திருக்கலாம் என்று நிலவியலாளர்கள் கருதினார்கள். எதுவும் வெளியே வரவில்லை. மேலே கிளம்பும் மாக்மாவில் பெரும்பகுதி வழியிலேயே உறைந்துவிடுவது வழக்கம். இந்தக் கூம்புகளுக்குக் கிடைப்பது ஒரே தவணை மாக்மா என்பதால், அடுத்தது வேறோர் இடத்தில்தான் முளைக்கும். ஆகவே அங்கே இருக்கும் கூம்புகளைக் காவல் காத்துப் பயனில்லை. மலையே இல்லாத சமவெளிகளிலும் தோட்டங்களிலும் நிலநடுக்கமானிகளை வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.