சமையலுக்கு ஆள் இல்லையாம்!

எங்கள் எர்ணாவூரில் எண்ணூர் விரைவு சாலைப் பக்கம் நடந்து போனால், கண்டெய்னர் லாரிகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ஒரு அறிவிப்புத்தான். "ஆட்கள் தேவை. பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், சப்ளையர். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்." ஓட்டல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள் வெயிலில் வெளுக்கிறது, மழையில் ஊறிக் கிழிகிறது, மறுபடி புதுசாக ஒட்டப்படுகிறது. ஆள் கிடைத்துவிட்டது என்று அதை எடுத்ததை மட்டும் நான் பார்த்ததில்லை.

இது ஓட்டல்காரர் கவலை, நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன். போன மாதம் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. 150 பேருக்குச் சாப்பாடு பேசி, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் சமையல் மாஸ்டரிடமிருந்து போன். "அம்மா, கூட வர்ற பசங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. தனியா என்னால முடியாது. மன்னிச்சுக்கங்க." நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டார்.

எதிர் வீட்டு அக்காதான் தைரியம் சொன்னார். "அழுதா புளி கரையுமா? போய் அண்டா ரெண்டு வாடகைக்கு எடுத்துட்டு வரச் சொல்லு." தெருவிலிருந்து நாங்கள் நாலு பேர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினோம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல், கூட வடையும் அப்பளமும். அக்கா கையில் எழுதி வைத்த கணக்கு ஒன்றும் கிடையாது. எல்லாம் மனக்கணக்கு. அரிசியை மட்டும் ஆளுக்கு 100 கிராம் என்று போட்டார். "வீட்ல ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி வெக்கிறேன்னு இங்கயும் அப்படியே பெருக்காதடி. பெரிய அண்டால ஆவி கம்மியாத்தான் போவும், சாதம் குழைஞ்சுடும்" என்றார். கலந்த சாதத்தை அண்டாவிலேயே வைக்காமல் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைத்ததும் அவர் யோசனைதான். பகல் ஒரு மணிக்குப் பந்தி முடிந்தபோது ஒரு கரண்டி கூட வீணாகவில்லை.

சாப்பிட வந்தவர்களில் கேட்டரிங் நடத்தும் ஒருவர் இருந்தார். கையலம்பிவிட்டு நேரே அக்காவிடம் வந்து, "முகூர்த்த நாள்ல எங்ககூட வர்றீங்களாம்மா? ஆளே கிடைக்கல" என்றார். எவ்வளவு தருவீர்கள் என்று நான்தான் குறுக்கே கேட்டேன். 600 ரூபாயாம். மாஸ்டருக்கு? 2,000. கூட நிற்கிற பையனுக்கு? 1,200. "அவங்களும்தானே மாஸ்டர் வேலை செஞ்சாங்க?" என்றதற்கு அவர் கோபப்படாமல், சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "லேடீஸ் ஹெல்ப்பருக்கு அதாம்மா ரேட்டு."

அந்த 'ஹெல்ப்பர்' என்ற வார்த்தை எனக்கு அன்றைக்குத் தைத்ததுதான். அதற்கப்புறம் எங்கே சமையல் என்று பேச்சு வந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். செய்தித்தாளையும் விடவில்லை.

சகோதரிகளே, நம் அரசாங்கமே எவ்வளவு பெரிய சமையல்கட்டு நடத்துகிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தது. பிறகு 1956இல் காமராஜர் காலத்துத் திட்டம், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2013இல் அம்மா உணவகம் வந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. சென்னையில் முதல் கட்டமாக எங்கள் வடசென்னைப் பள்ளிகளில்தான் ஆரம்பித்தார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்து, இன்றைக்கு ஏறக்குறைய 20 லட்சம் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் கரண்டி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

அவர்களுக்குக் கிடைப்பது என்ன? 2024 டிசம்பரில் சத்துணவு மையங்களில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு உத்தரவு போட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஒரு வருஷம் திருப்தியாக வேலை செய்தால் பிறகு 3,000லிருந்து 9,000 வரைக்குமான சிறப்புக் காலமுறை ஊதியம். அம்மா உணவகத்து மகளிர் குழுப் பெண்களுக்கு நாள் கூலி 300 ஆக இருந்து, 2024இல் 325 ஆயிற்று. கேட்டரிங்காரரின் 600 பரவாயில்லை என்று தோன்றுகிறதா? எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சத்துணவு வேலை வீட்டுப் பக்கத்திலேயே, மதியத்தோடு முடிகிறது, பள்ளிக்கூட லீவு நமக்கும் லீவு. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் மாதம் 3,000 ரூபாயில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா? அங்கேயும் பதவிக்குப் பெயர் 'உதவியாளர்'தான், கவனித்தீர்களா!

ஓட்டல் பக்கம் வருவோம். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் முப்பது வருஷம் சரக்கு மாஸ்டராக இருந்தவர். சாம்பார், குருமா, சட்னி எல்லாம் சரக்கு மாஸ்டர் கைப்பக்குவம். ஓட்டலின் ருசியே அவர்தான். அவரிடம் கேட்டேன். "காலைல நாலு மணிக்கு அடுப்புகிட்ட நின்னா ராத்திரி பதினோரு மணிக்குத்தான் இறங்குவேன். தீபாவளி, பொங்கல் எதுவும் வீட்ல கிடையாது. என் பையன் பைக்குல சாப்பாடு டெலிவரி பண்றான். அதே ஓட்டல் சாப்பாடுதான், ஆனா அவன் நெனச்சப்ப லீவு போடலாம்" என்றார். உணவு விடுதித் தொழிலாளிக்கு இத்தனை மணிதான் வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1958லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் போட்டார்கள். அவர் ஒரு வாரமாவது அந்த விடுமுறையை எடுத்ததாக ஞாபகம் இல்லையாம். 2020 ஊரடங்கில் ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவேயில்லை. இப்போது பீகார், ஒடிசா, அஸ்ஸாம் பிள்ளைகள்தான் நமக்கு இட்லி ஊற்றுகிறார்கள். அவர்களும் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் ஓட்டல் பாதி மூடிக்கிடக்கிறது.

இந்த ஆள் பஞ்சம் கடல் தாண்டியும் இருக்கிறது. மலேசியாவில் நம்மவர்களின் உணவகங்கள் தமிழ்நாட்டு மாஸ்டர்களை நம்பியே நடப்பவை. 2018 ஜூனில் அந்நாட்டு மனிதவள அமைச்சர் குலசேகரன், அவரும் தமிழர்தான், 2019 ஜனவரி 1 முதல் உள்ளூர்ச் சமையல்காரர்களைத்தான் வைக்கவேண்டும் என்றார். ஓட்டல்காரர்கள் கூக்குரல் போட்டார்கள். பிறகு அது முடிவல்ல, யோசனைதான் என்று ஆயிற்று. சிங்கப்பூர் வேறு வழி பார்த்தது. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்தே சமையல்காரரைக் கூட்டிவரலாம், ஆனால் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி என்று விதி வைத்தது. 2025 செப்டம்பரில் எல்லா வகை உணவகத்துச் சமையல்காரருக்கும் அதை விரித்தது. ஆள் கேட்கிறாயா, இந்தச் சம்பளத்துக்குக் குறையாதே என்று அரசாங்கம் எழுதி வைத்துவிட்டது பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்பினால் ஒரு வார்த்தை. ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பத்தாவது தேறாதவர்கள் மலேசியா வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வேண்டும். "முதல்ல டூரிஸ்ட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று எவர் சொன்னாலும் வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவும் நான் அலசிக்கொண்டிருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. என் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வளைகாப்பன்று எங்களோடு தேங்காய் துருவினவள் மறுநாள் மெதுவாக, "அம்மா, நான் கேட்டரிங் படிக்கட்டுமா?" என்றாள். அவள் அப்பாவுக்கு வந்ததே கோபம்! "சமைக்கிறதுக்குக் காலேஜா? உங்கம்மா எந்தக் காலேஜ்ல படிச்சா?" மாமியாரும் சேர்ந்துகொண்டார். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு ஓட்டல்ல சமைக்குதுன்னா என்ன நெனப்பாங்க?"

எனக்கும் பயம் இல்லாமலில்லை. ஆனாலும் விசாரித்தேன். தரமணியில் மத்திய அரசு சார்ந்த ஓட்டல் மேலாண்மை, கேட்டரிங், ஊட்டச்சத்துக் கல்வி நிறுவனம் 1963லிருந்து இருக்கிறது. மூன்று வருஷ பட்டப் படிப்பு. ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துப் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளை அங்கே படிக்க வைக்கத் தாட்கோ அறிவிப்புகள் வந்திருக்கின்றன. விண்ணப்ப சமயத்தில் விசாரியுங்கள். பட்டப் படிப்பு வேண்டாம் என்பவர்களுக்குச் சில வாரப் பயிற்சிகளும் உண்டு. 2009-10இல் மத்திய சுற்றுலாத் துறை 'ஹுனர் சே ரோஜ்கார்' என்று எட்டாவது படித்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் சமையல் பயிற்சி தொடங்கியது, ஆள் பஞ்சத்துக்காகத்தான். அதில் வயது வரம்பு 28. எங்கள் அக்காவுக்கு 46. அவர் போன்றவர்களுக்கு உதவக்கூடியது வேறொன்று. ஏற்கெனவே வேலை தெரிந்தவரைப் பரீட்சித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற முறை, 2015லிருந்து பிரதமரின் திறன் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கையில் அந்தத் தாள் இருந்தால் 'ஹெல்ப்பர்' என்று சொல்லக் கொஞ்சமாவது தயங்குவார்கள் அல்லவா?

இன்னொரு செய்தி எங்கள் பேட்டைக்கு ரொம்பவும் சம்பந்தப்பட்டது. 250 தொழிலாளருக்கு மேல் இருந்தால் கேன்டீன் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வைத்திருந்தது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அது 100 பேர் என்று குறைந்திருக்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் எத்தனை சின்னத் தொழிற்சாலைகள்! அத்தனை கேன்டீனுக்கும் சமைக்க ஆள் வேண்டும். பெண்கள் சம்மதித்தால் இரவு வேலையும் செய்யலாம் என்கிறது சட்டம். பாதுகாப்பும் போக்குவரத்தும் முதலாளி பொறுப்பு. வாய் வார்த்தையாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய அடுப்பு வேலைக்குப் போகிறவர்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் நிற்பதால் காலில் நரம்புச் சுருட்டல் வரும். நடுநடுவே பத்து நிமிஷம் உட்கார்ந்து காலைத் தூக்கி வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரோ மோரோ குடியுங்கள். நைலக்ஸ் புடவை வேண்டவே வேண்டாம், பருத்திதான். கையில் சூடு பட்டால் பற்பசை, மாவு, மை எதையும் தடவாமல் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வளைகாப்பன்று எனக்கு வடை எண்ணெய் தெறித்தபோது நானே முதலில் பற்பசையைத் தேடினேன், பெண்தான் இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள்.

அவள் அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நுழைவுத் தேர்வுக்கு எவ்வளவு பணம் கட்டவேண்டும் என்று அவளிடம் கேட்டாராம். மாமியார் காதில் விழாதபடி.

அக்கா அந்தக் கேட்டரிங்காரருக்குப் போன் செய்து, "மாஸ்டரா கூப்பிட்டா வர்றேன், 1,500 கொடுங்க" என்று சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஒரு கேன்டீனிலும் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. அங்கே பத்தாவது மார்க் ஷீட் கேட்கிறார்களாம். அது 2004 சுனாமியில் வீட்டுச் சாமான்களோடு போனது. அக்கா படித்த பள்ளிக்கூடத்தில் நகலுக்கு விசாரிக்கத் திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.