பிணை கிடைத்தும் வீடு திரும்பாதவர்கள்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மழைநாள் மாலையில் எமது பங்கைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளியான ஒரு தாய் மிஷன் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அவருடைய மகன் ஒரு கைகலப்பில் அகப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டிருந்தான். "பிணை கொடுத்திட்டாங்களாம் சாமி. ஆனா ஒரு இலட்சத்து ஐயாயிரம் கட்டணுமாம். எங்க போவேன்?" என்று அழுதார். காதுத் தோட்டை ஏற்கெனவே அடகு வைத்திருந்தார்.

நான் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தவன். திருச்சபைச் சட்டமும் படித்தேன். ஆனால், நாட்டுச் சட்டத்தில் பிணை என்றால் என்னவென்று எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. ஆகவே நானும் அந்தத் தாயைப் போலவே எண்ணிக்கொண்டு, வின்சென்ட் டி போல் சபையாரைக் கூட்டிப் பணம் சேர்க்கத் தொடங்கினேன். பத்து நாட்கள் கழிந்தன. பிறகுதான் ஒரு சட்டத்தரணி நீதிமன்றக் கட்டளையை வாசித்துச் சொன்னார்: கட்டவேண்டிய காசு ஐயாயிரம் ரூபா மட்டுமே. மற்றையது தலா ஐம்பதாயிரம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை. அதற்கு ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. இரண்டு ஆட்கள் வந்து கையொப்பமிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அறியாமைக்காக அந்தப் பையன் பத்து நாட்கள் சிறையில் இருந்தான்.

நாட்டின் சிறைச்சாலைகளில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணையை எதிர்பார்த்திருப்பவர்கள். இவர்களுள் பிணை மறுக்கப்பட்டவர்கள் மட்டுமன்றி, பிணை வழங்கப்பட்டும் அதை நிறைவேற்ற ஆளின்றி உள்ளே கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் அவர்களுடைய விடுதலை நீதிபதியின் கையில் இல்லை, எம்முடைய கையில் இருக்கிறது.

பிணை என்பது அபராதமல்ல, வழக்கின் தீர்ப்புமல்ல. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி என்று கருதப்படவேண்டும் என்பது எமது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. ஆகவே அவரை வீட்டிலிருக்க விட்டு, வழக்குத் தவணைகளுக்குத் தவறாமல் வருவார் என்பதற்கு நீதிமன்றம் ஓர் உறுதியைக் கேட்கிறது. அந்த உறுதிதான் பிணை. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே பொதுவிதி, மறுப்பது விதிவிலக்கு என்று தெளிவாகக் கூறுகிறது. தலைமறைவாகிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே வந்து மீண்டும் குற்றம் செய்வார், அல்லது குற்றத்தின் பாரதூரத்தால் பொதுமக்களிடையே கொந்தளிப்பு ஏற்படும் என்று நம்பக் காரணம் இருந்தால் பிணை மறுக்கப்படலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வைக்கவேண்டும்.

பிணையில் விடக்கூடிய சிறிய குற்றமானால் பெரும்பாலும் நீதிமன்றம்வரை அடைத்துக் கொண்டுபோக வேண்டியதே இல்லை. குறித்த நாளில் நீதவான் முன் வருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு பொலிசாரே விட்டுவிடவேண்டும். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களில் நீதவானிடம் கேட்டுப் பயனில்லை. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். தீர்ப்பின்றி ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் மறியலில் வைக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் அதனைத் தடவைக்கு 3 மாதங்களுக்கு மேற்படாமல், மொத்தமாக மேலும் 12 மாதங்கள்வரை நீடிக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்களை இந்தப் பிணைச் சட்டம் தொடக்கத்திலேயே வெளியே வைத்துவிட்டது. அதனால் எத்தனை குடும்பங்கள் வருடக்கணக்காகச் சிறை வாசலில் நின்றன என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிணை ஒரே வடிவில் வருவதில்லை. இலேசானதிலிருந்து கடினமானது நோக்கிச் செல்லும் ஐந்து படிகள் உண்டு. வருவேன் என்ற வாக்குறுதி மட்டும் போதும் என்று விடலாம். சந்தேகநபர் தாமே ஒரு தொகைக்குச் சொந்தப் பிணைமுறி எழுதிக்கொடுக்கலாம். பிறர் கையொப்பமிடும் சரீரப் பிணை மூன்றாவது. காசுப் பிணை நான்காவது. கடைசியாக, சொத்தைக் காட்டி அத்தாட்சிப்படுத்தும் பிணை. லயத்தில் பிறந்து லயத்திலேயே வாழ்பவர்களிடம் காணி உறுதி ஏது? ஆகவே எம்மக்களுக்கு இந்தக் கடைசிப் படி பெரும்பாலும் எட்டாதது. நடைமுறையில் நாம் அதிகம் காண்பது சரீரப் பிணையையும் காசுப் பிணையையுமே. பல வேளைகளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

அமெரிக்கப் படங்களில் காசு வாங்கிக்கொண்டு பிணை எடுத்துக் கொடுக்கும் வியாபாரிகளைக் காணலாம். எமது சட்டத்தில் அப்படி ஒரு தொழில் கிடையாது. ஆனாலும் நீதிமன்ற வாசலில் "நான் ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று கூலி பேச வருபவர்கள் இல்லாமலில்லை. முன்பின் தெரியாத ஒருவரை மாமன் என்று சொல்லி நிறுத்துவது நீதிமன்றத்துக்குப் பொய் சொல்வதாகும். பிடிபட்டால் ஒரு வழக்கு இரண்டாகும்.

அந்தத் தாயின் கதைக்கு வருகிறேன். காசு தேவையில்லை என்று தெரிந்தபின்னும் பையன் உடனே வரவில்லை. பிணை நிற்பவர்கள் அடையாள அட்டையும், தம் வதிவிடத்தை உறுதிசெய்யும் கிராம சேவகரின் சான்றிதழும் கொண்டுவர வேண்டும். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்கப்பட்டது. கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் சில. அந்நாளில் கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் பெயர் போடமாட்டார்கள். முதலில் ஒப்புக்கொண்ட சித்தப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். சிங்களத்தில் எழுதும்போது எம்மவர் பெயர்கள் படும் பாடு தனியாக எழுதவேண்டிய விடயம். இரண்டாம் முறை பஸ் பிடித்துப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பத்திரங்கள் முடிவதற்குள் காசு வாங்கும் சிறாப்பர் மூடிவிட்டார். சனி, ஞாயிறு உள்ளே. பையன் வெளியே வந்தபோது கட்டளை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. கடையில் அவனுடைய இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான்.

அதற்குப் பின்னர் நாம் சில விடயங்களைப் பழகிக்கொண்டோம். ஒருவர் கைதானார் என்று கேள்விப்பட்டதும், பிணை கிடைக்கும்வரை காத்திராமல் அன்றே சான்றிதழ்களுக்கு ஆளனுப்புகிறோம். இருவர் கேட்கப்பட்டால் மூவரைத் தயார் செய்கிறோம். தவணைக்குக் காலையிலேயே நீதிமன்றத்தில் நிற்கிறோம். நிபந்தனை குடும்பத்தின் சக்திக்கு மீறியதாயின் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வரவேண்டியதில்லை. குடும்ப நிலையை எடுத்துக்காட்டி, தளர்த்தும்படி அதே நீதிமன்றத்தைச் சட்டத்தரணிமூலம் கேட்கலாம். அங்கே பலன் கிட்டாவிடில் மேல் நீதிமன்றத்தை நாடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் 1978 இல் சட்டப்படி அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களுக்குப் போகலாம். பங்குத் தந்தையின் கடிதம் பிணையாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இன்றும் கேட்கிறார்கள், நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் சான்றிதழோடு ஓர் ஆள் நேரில் வந்து நிற்பதற்கு அது ஈடாகாது.

பிணை நிற்பது விளையாட்டுமல்ல. கையொப்பமிடும்போது காசு கொடுக்கவேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆள் தவணைக்கு வராமல் மறைந்தால், அவருக்குப் பிடியாணை பிறக்கும். பிணையாளிக்கு அறிவித்தல் வரும். ஏன் பிணைத்தொகையை அறவிடக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டவேண்டும். காரணம் ஏற்கப்படாவிட்டால் தொகையைக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் சொத்தைப் பறிமுதல் செய்து விற்கவும், அதுவும் போதாதபோது சிறைக்கு அனுப்பவும் இடமுண்டு. நீதிமன்றம் விரும்பினால் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். ஆகவே அறிவித்தல் வந்ததும் பயந்து ஒளிக்காமல் போய் நிற்பதே புத்தி. நோயினால் வரமுடியாதவருக்கு மருத்துவச் சான்றிதழுடன் அன்றே நீதிமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும். வழக்கு நடக்கும்போதே மத்திய கிழக்குக்குப் போக முயலும் இளைஞர்கள், தமக்காகக் கையொப்பமிட்ட சித்தப்பாவை நினைத்துப் பார்ப்பதில்லை. ஓடிவிடுவானோ என்று பிணையாளிக்குச் சந்தேகம் வந்தால், தம்மை விடுவிக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்போது சந்தேகநபர் வேறு பிணையாளியைத் தேடவேண்டும், அல்லது மறியலுக்குத் திரும்பவேண்டும்.

விவிலியமும் இந்த இரு பக்கங்களையும் அறிந்திருக்கிறது. சீராக்கின் ஞானநூல் 29 ஆம் அதிகாரம் நல்லவர் அயலாருக்குப் பிணை நிற்பார் என்று சொல்கிறது. பிணையால் செல்வர் பலர் அழிந்ததையும் மறைக்கவில்லை. தெசலோனிக்காவில் பவுலைத் தேடிவந்த கூட்டம் அவர் கிடைக்காததால் யாசோனையும் வேறு சில சகோதரர்களையும் இழுத்துச் சென்றது. அதிகாரிகள் அவர்களிடம் பிணை வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 17 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யாசோனைப் பற்றி நான் எத்தனையோ மறையுரைகளில் பேசியிருக்கிறேன். அந்தப் பிணை என்ற சொல் மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

இப்பொழுது எமது பங்கில் பதினொரு பேர் பிணை நிற்க முன்வந்திருக்கிறார்கள். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் தபாற்கந்தோர் ஊழியர், மற்றவர்கள் தோட்டத் தொழிலாளர். யாருக்கு நிற்பது என்பதை அவரவரே தீர்மானிப்பர், நான் வற்புறுத்துவதில்லை. ஒருவருக்கு நிற்க மறுத்ததற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு பூசைக்கு வராத குடும்பமும் உண்டு.

காசுப் பிணை பற்றி ஒன்று. அது கட்டணமல்ல, வைப்பு. நிபந்தனைகளை மீறாதிருந்தால் வழக்கு முடிந்தபின் கேட்டு மீளப்பெறலாம். குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டாலும் அப்படியே. இது தெரியாமல் பலர் காசைக் கேட்பதே இல்லை. பற்றுச்சீட்டைத் தொலைத்தவர்கள் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். அந்தத் தாய் தம்முடைய பற்றுச்சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மாதா படத்துக்குப் பின்னால் மூன்று வருடங்கள் வைத்திருந்தார். வழக்கு முடிந்ததும் மகனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் ஐயாயிரத்தையும் வாங்கிவந்து, தோட்டை மீட்டார்.