கையெழுத்தோடு முடியாத ஒப்புதல்

இருமுனைக் கோளாறு என்பது, மனநிலை நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அளவுமீறிக் கிளர்ந்தெழுவதும், வேறொரு காலத்தில் எழவே முடியாதபடி சோர்ந்து அமிழ்வதும், இடையிடையே தெளிந்திருப்பதுமாக வரும் நோயாகும். கிளர்ச்சி நிலையில் இருப்பவர் உறக்கமின்றியும் களைப்பறியாமல் திட்டங்களை அடுக்குவார், கைமீறிச் செலவு செய்வார், தமக்கு நோய் இருப்பதாகச் சொல்வோரைப் பகைப்பார். சோர்வு நிலையில் இருப்பவரோ, என்ன கேட்டாலும் சரியென்று தலையசைத்துவிடும் அளவுக்கு விருப்பு வெறுப்பு இழந்திருப்பார். 2017ஆம் ஆண்டுக்கான கணக்கீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 76 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. இவர்களுக்கான மருந்துகள் இவர்களிடமே சோதிக்கப்பட வேண்டியிருக்க, அந்தச் சோதனைக்கு இசைவதா மறுப்பதா என முடிவெடுக்கும் ஆற்றலையே நோய் அவ்வப்போது பறித்துக்கொள்கிறது என்பதுதான் இத்துறையின் மையச் சிக்கல்.

சோதனைகளே வேண்டாம் என்று ஒதுங்கவும் இயலாது. இன்றும் முதன்மை மருந்துகளுள் ஒன்றாக விளங்கும் லித்திய உப்பை, ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், கிளர்ச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் அதன் பயனை வெளியிட்டார். முதலில் குணம் கண்ட நோயாளி, மறு ஆண்டே லித்திய நச்சுத்தன்மையால் இறந்தார். இரத்தத்தில் அந்த உப்பு எந்த அளவைத் தாண்டக்கூடாது என்பது அப்போது தெளிவாகியிருக்கவில்லை. 1954இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு லித்தியத்தையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிட்ட பிறகே அதன் பயன் உறுதிப்படத் தொடங்கியது.

வெற்று மாத்திரை என்பது, தோற்றத்தில் மருந்தைப் போன்றும் உள்ளே மருந்துப்பொருள் ஏதுமின்றியும் செய்யப்படுவது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்க, நோயாளிக்கும் அவரைச் சோதிக்கும் மருத்துவருக்கும் அது தெரியாதவாறு மறைக்கப்படுவதே இருபக்க மறைப்பு முறை. இருமுனைக் கோளாறு தானாகவே தணிந்தும் மீண்டும் எழுந்தும் வரும் இயல்புடையது என்பதால், ஒப்பீடு இல்லாமல் மருந்தின் பயனை அளவிட முடியாது. ஆனால் சோதனையில் சேர்வோர் பலரும், மருத்துவர் தமக்கு ஏற்றதைத்தான் தேர்ந்து தருவார் என்றே நம்புகின்றனர். அங்கே தேர்வது குலுக்கல் என்பதை ஒருமுறைக்குப் பலமுறை சொல்லி விளங்கவைக்காமல் பெறும் ஒப்புதலை ஒப்புதல் என்று கொள்வது கடினம்.

ஒப்புதல் பற்றிய கேள்வி இந்தியாவில் கூர்மையாக எழக் காரணம் 2005இல் நேர்ந்தது. கடுமையான கிளர்ச்சி நிலையில் இருந்த 290 பேரை, ரிஸ்பெரிடோன் என்னும் மருந்து பெறுவோர், வெற்று மாத்திரை பெறுவோர் என ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, மூன்று வாரம் வரை நடத்தப்பட்ட ஆய்வொன்று பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆய்வு நடந்தது இந்திய மருத்துவமனைகளில். கிளர்ச்சியின் கடுமையை 60 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் கணிப்பது வழக்கமாக இருக்க, இவர்களின் சராசரி 37ஐத் தொட்டிருந்தது. மருந்து பயனளித்தது என்பதே ஆய்வின் முடிவு. ஆயினும் பயனறிந்த மருந்துகள் முன்பே கைவசம் இருக்கையில், இத்தனை கடுமையாக நோயுற்றவர்களில் பாதிப்பேரை ஏன் வெற்று மாத்திரையில் வைக்க வேண்டும், அந்நிலையில் அவர்கள் தந்த ஒப்புதல் எத்தகையது என்று இந்தியாவின் மருத்துவ நெறியாளர்கள் அடுத்த ஆண்டு அதே இதழில் வினவினர். இக்கேள்வி நியாயமானது மட்டுமன்று, இன்றளவும் தேவையானதும் ஆகும்.

பின்னர் வந்த சட்டங்கள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆய்வில் சேரும் மனநோயாளியிடம் தன்னிச்சையான, விவரமறிந்த ஒப்புதல் பெற வேண்டும் என்றும், ஒப்புதல் தர இயலாதவரைச் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்றும், தந்த ஒப்புதலை எப்போது வேண்டுமாயினும் திரும்பப் பெறலாம் என்றும் வகுக்கிறது. 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்கின்றன.

விதி எழுதப்பட்ட இடத்துக்கும் நோயாளி வாழும் இடத்துக்கும் உள்ள தொலைவு வேறு செய்தி. இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் இருக்கும் பூண்டியில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்டு வாழும் ஒருவர் லித்தியம் தொடர்பான ஆய்வில் சேர்வதாயின், கடைசி மாத்திரையை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். அந்த நேரக் கணக்குக்காக, மலைப்பேருந்தில் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலையிறங்கி மதுரை போன்ற நகருக்கு முந்தைய நாளே வந்து தங்க நேரிடும். வயிற்றுப்போக்கோ, உழைப்பின் வியர்வையோ உடலின் நீரைக் குறைத்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகிய அறிகுறிகளைக் கண்டதும் ஊருக்கு வர மருத்துவரோ அவரை அடைய வாகனமோ இருக்கிறதா என்பதை ஆய்வுக் குழு முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யாத ஆய்வில் நகரத்தார் மட்டுமே எஞ்சுவர். அப்படிக் கிடைத்த முடிவு மலைக்குத் திரும்பிவந்து பயன்படும் என்று கருத இடமில்லை.

விலகுவது உரிமை என்றாலும் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீளும் அபாயம் மிகும் என்பதால், விலகுவோருக்கு வேறு மருத்துவம் எங்கே, எவ்வாறு தொடரும் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் பெற்றுவிட வேண்டும். மனநிலை தெளிந்திருக்கும் நாள்களில் இவற்றைப் பேசி, தமக்கு நோய் திரும்புவதன் முதல் அடையாளம் உறக்கம் குறைவதா, பேச்சு பெருகுவதா என்பதைக் குடும்பத்தாரில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவைக்கலாம். நாட்டின் மருந்துச் சோதனைகளைப் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம் என்பதால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தின் எண்ணைக் கேட்டுப் பெற்று, ஆய்வு உண்மையில் பதிவானதுதானா என்று பார்க்கவும் முடியும். ஒப்புதல் படிவத்தின் படியொன்றை நோயாளியிடமே தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாள், ஆய்வு மருத்துவரின் பெயரோடும் அழைக்க வேண்டிய எண்ணோடும், மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில், வீட்டார் எல்லோரும் அறிந்த இடத்தில் இருக்க வேண்டும்.