நாரை இருக்கிறது, எந்த நாரை? வட சிலாங்கூரின் நிலமாற்றமும் பறவைகளும்

முன்னுரை

சுங்கை பஞ்சாங் வட்டாரத்து வயல்களை ஒட்டிய சாலைகளில் செல்வோர், உழவு இயந்திரத்தின் பின்னே வெண்ணிறப் பறவைகள் கூட்டமாய் நடந்து இரை பொறுக்குவதைக் காணத் தவறுவதில்லை. உடன் வரும் மாணவரிடம் அவை யாவை எனக் கேட்டால் ‘கொக்கு’ என்பார். சற்றே பெரிதாய், அலகு தடித்து, தனித்து நிற்கும் ஒன்றைச் சுட்டினால் ‘நாரை’ என்பார். அதனையும் கொக்கு என்றே கூறுவோர் பலர். இவ்விடைகளில் பிழை காண இடமில்லை. ஆயினும் இவ்விரு சொற்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் சில பெருகி வருகின்றன. சில ஏறத்தாழ மறைந்தேவிட்டன. பொதுப்பெயர் மாறாது நிலைத்து நிற்பதனால், ஓரினம் மறைந்து அதன் இடத்தில் மற்றோரினம் வந்து நிற்பது நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

சுற்றுச்சூழல் மாற்றத்தால் பறவைகள் அழிகின்றன என்று பொதுப்படக் கூறுவது எளிது. வட சிலாங்கூரின் நிலை அத்துணை எளிதன்று. இங்கு நிலம் மாறிய ஒவ்வொரு முறையும் சில பறவைகள் நலிந்தன, சில செழித்தன. நலிந்தவை எவை, செழித்தவை எவை, ஏன் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். தமிழ் கற்பிப்போருக்கு இதில் என்ன தொடர்பு என்பது போகப் போக விளங்கும்.

நிலம் மாறிய முறை

கோலசிலாங்கூர் தொடங்கிச் சபாக் பெர்ணம் வரையுள்ள கடற்கரைச் சமவெளியை மேற்கிலிருந்து கிழக்காக நோக்கினால் அடுக்கடுக்காய்ப் பல நிலவகைகள் தோன்றும். முதலில் அலை வற்றும்போது வெளிப்படும் சேற்றுக்கரை. அதனை ஒட்டி அலையாத்திக் காடு. அதன் பின் கடல்நீரைத் தடுக்கும் மண்ணணை. அணைக்கு உள்ளே தென்னை, நெல்வயல். அதற்கும் கிழக்கே கரிமண் சதுப்புக் காடு. தெற்கிலும் தென்கிழக்கிலும் முன்பு ரப்பர் நின்ற, இன்று செம்பனை நிற்கும் தோட்டங்கள் உள்ளன.

வயல் இயற்கையன்று. தஞ்சோங் காராங் நெற்பாசனத் திட்டம் 1930-களில் தொடங்கப்பட்டது. சதுப்பை வடித்து, கால்வாய் வெட்டி, பெர்ணம் ஆற்று நீரைத் திருப்பி அமைத்த வயல்களே இன்று செக்கிஞ்சான், சுங்கை பஞ்சாங் பகுதிகளில் நாம் காணும் பசுமை. அவ்வயல்களுக்குரிய நீரைத் தேக்கி வைத்துச் சிறுகச் சிறுக விடுவதில் கிழக்கிலுள்ள கரிமண் சதுப்புக் காட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. எழுபதினாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அக்காட்டில் மரம் வெட்டுவோர் வெட்டிய வாய்க்கால்கள் நீரை வடியச் செய்தன. காய்ந்த கரிமண் தீப்பற்றினால் மண்ணுக்கு அடியிலும் எரியும். 2008 முதல் ராஜா மூசா காப்புக்காட்டில் வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணி நடைபெற்று வருகிறது.

தோட்டங்களின் வரலாறு தமிழருக்குப் புதிதன்று. எனினும் ஒரு செய்தியை நினைவூட்டுவது தகும். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த தென்னமாரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைக் களமாகக் கொண்டு நாவல் எழுதி, 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அவர் நட்ட பயிர் அடுத்த அரை நூற்றாண்டு வரை ரப்பருக்குப் பின்னேயே நின்றது. 1960-களுக்குப் பின்னரே ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை எங்கும் பரவியது.

தோட்டத்தில் செழித்தவை

செம்பனைத் தோட்டம் பறவைகளற்ற பாலை எனச் சிலர் எழுதுவர். தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் இதனை ஏற்கமாட்டார். தூக்கணாங்குருவி செம்பனை ஓலையில் கூடு தொங்கவிடுகிறது. மைனாவும் கொண்டைக்குருவியும் செண்பகமும் அங்கு உண்டு. ஆயின் இவை யாவும் திறந்தவெளிக்கும் மனிதர் நடமாட்டத்துக்கும் பழகிய பறவைகள். காட்டின் அடித்தட்டு இருளிலும், உளுத்த மரப்பொந்திலும், குறிப்பிட்ட கனிமரத்திலும் வாழ்வைக் கட்டிக்கொண்ட பறவைகளுக்கு அங்கு இடமில்லை. கரிமண் சதுப்புக் காட்டையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் ஒப்பிட்டு மலேசிய ஆய்வாளர் பட்ருல் அசாரும் உடனாய்வாளரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, மரம் வெட்டப்பட்டுச் சிதைந்த காட்டில்கூடத் தோட்டத்தைக் காட்டிலும் மிகுதியான பறவையினங்கள் வாழ்வதைக் காட்டிற்று. ‘ஏற்கெனவே கெட்டுப்போன காடுதானே’ என்னும் வாதத்திற்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

தோட்டத்தால் பெருவாழ்வு பெற்ற பறவை கூகை. வெண்ணிற இதயவடிவ முகமும் அலறும் குரலும் உடைய இப்பறவையைச் சாக்குருவி என்று அஞ்சிய வழக்கம் தமிழகத்திலிருந்து லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் இது முன்பு அரிதாகவே காணப்பட்டது. 1960-களின் இறுதியில் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கூடு கட்டியமை பதிவாயிற்று. அதன்பின் அதன் பெருக்கம் வியப்புக்குரியது. காரணம் எளிது: உதிர்ந்த செம்பனைப் பழம் எலியைப் பெருக்கியது, எலி கூகையை வரவழைத்தது. குறையாய் இருந்தது பொந்து ஒன்றே. தோட்ட நிருவாகங்கள் கம்பத்தின்மேல் மரப்பெட்டி அமைத்து அக்குறையையும் நீக்கின. இன்று நெல்வயல் வரப்புகளிலும் அத்தகைய பெட்டிகளைக் காணலாம். அஞ்சி விரட்டிய பறவைக்குக் கூலியின்றி எலி பிடிக்கும் வேலை கிடைத்தது.

ஆயினும் எலிக்கு இடும் நஞ்சு இவ்வுறவில் குறுக்கிட்டது. முதல்தலைமுறை நஞ்சுகளுக்கு எலிகள் பழகிவிடவே, வீரியம் மிக்க இரண்டாந்தலைமுறை நஞ்சுகள் வந்தன. அவை எலியின் உடலில் நெடுநாள் தங்குவன. நஞ்சுண்ட எலி சாகுமுன் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே கூகைக்கு எளிதில் அகப்படும். இத்தகைய நஞ்சு இடப்பட்ட தோட்டங்களில் கூகைகள் குறைந்தமை 1980-களிலேயே எடுத்துக்காட்டப்பட்டது. ஒரு பறவையை வளர்த்த தோட்டமே அதனைக் கொல்லவும் கூடும் என்பதற்கு இது சான்று.

காகத்தைப் பற்றியும் ஒரு சொல். அமாவாசைச் சோற்றுக்கு வரும் வீட்டுக்காகம் இந்நாட்டுக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களில் கம்பளிப்பூச்சியை ஒழிப்பதற்கென இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது அது. காப்பி போயிற்று, காகம் நின்றது. தோட்டத்துக்கெனக் கடல் கடந்து வந்து, தோட்டம் போன பின்னும் இங்கேயே தங்கியோர் காகங்கள் மட்டுமல்லர் என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சேற்றுக்கரையின் விருந்தினர்

அணைக்கு வெளியே உள்ள சேற்றுக்கரை பார்வைக்கு வெறுமையானது. ஆயினும் சிலாங்கூரின் நடுவிலும் வடக்கிலுமாக நீளும் இக்கரை, சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஆண்டுதோறும் பறக்கும் கரைப்பறவைகளுக்கு ஒரு தங்குமிடம். உள்ளான் வகைகள் அலை வற்றும்போது சேற்றில் புழுவும் நத்தையும் உண்டு, அலை ஏறும்போது ஒதுங்க மேட்டுநிலம் தேடுகின்றன. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் பறவை தங்காது. இரைக்களம் இருந்தும் ஒதுங்குமிடம் அற்றுப்போவது இக்கரையின் தனிச்சிக்கல். கிள்ளானை அடுத்த காப்பார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில் இப்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் கூடியதற்கு அதுவே காரணம். மனிதர் நுழையாத தொழிற்சாலைக் குளம் அவற்றுக்குப் புகலிடம் ஆயிற்று.

இங்குக் காணும் குறைவுக்குக் காரணம் இங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வலசைப்பறவை வழியில் இளைப்பாறி உடல் தேற்றும் மஞ்சள் கடற்கரைகளில் 1950-களில் இருந்த சேற்றுநிலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதி மறைந்துவிட்டது. தென்கொரியாவின் சேமாங்கும் கடலணை 2006-இல் மூடப்பட்டது. நீளம் 33 கிலோமீட்டர். அங்குத் தங்கி வந்த பெரிய உள்ளான்கள் வேறு கரைக்குச் சென்று பிழைத்துக்கொள்ளும் என்றனர். அவ்வாறு நிகழவில்லை; ஆஸ்திரேலியக் கணக்கெடுப்புகளிலும் அவ்வினம் சரிந்தது. சீனா 2018-இல் கடற்கரை நிலமீட்புக்குக் கடுந்தடை விதித்தது. 2019-இல் அதன் மஞ்சள் கடற்கரைப் பகுதிகள் உலக மரபுடைமை ஆயின. தஞ்சோங் காராங் கரையில் நின்று எண்ணுவோருக்கு இவை அயல்நாட்டுச் செய்திகள் அல்ல.

ஒரு நாரை போக, ஒரு நாரை வர

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

மேற்குக் கரை அலையாத்திக் காடுகளுக்கே உரிய பெரும்பறவை ஒன்று உண்டு. வெண்ணிற உடல், கரிய சிறகுநுனி, மஞ்சள் அலகு, மயிரற்ற சிவந்த முகம். மலாய் மொழியில் ‘உப்பே’ எனப்படும். தமிழில் நிலைபெற்ற பெயர் இன்மையால் பால்நிற நாரை என இங்குக் குறிக்கிறோம். சேற்றில் துள்ளும் மீன்களை உண்ணும் இந்நாரைக்குக் கூடு கட்ட உயர்ந்த அலையாத்தி மரமும், இடையூறின்மையும் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1984-இல் நூற்றுக்கு மேல் எண்ணப்பட்ட இப்பறவை, 2005 அளவில் பத்துக்கும் குறைந்துவிட்டது. எஞ்சியவை பேராவின் கோலகூலாவை ஒட்டிய காடுகளில் இருந்தன.

தேசிய மிருகக்காட்சி சாலையில் 1987 முதல் இந்நாரையை வளர்த்துப் பெருக்கும் முயற்சி நடந்தது. அதே ஆண்டில் அமைந்த கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் 1990-களின் இறுதியில் அவற்றுட் சில விடுவிக்கப்பட்டன. அப்பூங்கா தானும் நிலமாற்றத்தின் பாடநூல்: அணைக்கு வெளியே அலையாத்தி, அணைக்கு உள்ளே கடல்நீர் நின்றுபோனதால் வேறு மரங்கள் முளைத்துக் காடான பழைய அலையாத்தி நிலம். விடுவித்த பறவைகள் எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. இதற்கிடையே வேறொரு சிக்கலும் எழுந்தது. மிருகக்காட்சி சாலையில் தடையின்றிப் பறந்து திரிந்த மஞ்சள் மூக்கு நாரைகள் பால்நிற நாரைகளோடு இணைந்து கலப்பினக் குஞ்சுகளை ஈன்றன. கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் நம்மவர் போற்றும் அதே மஞ்சள் மூக்கு நாரைதான் இது. தன் நாட்டில் காக்கப்படும் பறவை, இங்கு அருகிவரும் உறவினத்தின் தனித்தன்மைக்கு இடராகிறது. மார்பில் மங்கிய கரும்புள்ளிகளும் சிறகில் மெல்லிய செந்நிறமும் கொண்ட குஞ்சைக் கண்டறிய, இரண்டையும் பெயரிட்டுப் பிரித்தறியும் கண் வேண்டும்.

இது ஒருபுறமிருக்க, வயலில் வேறொரு நாரை வந்திறங்கியது. தென்னமெரிக்காவுக்குரிய பொன்னிற ஆப்பிள் நத்தை 1991-இல் மலேசியாவில் கண்டறியப்பட்டது. இளநாற்றை அறுத்துத் தின்னும் அதன் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை நெற்றண்டுகளில் காணாத உழவர் இல்லை. தாய்லாந்தில் இந்நத்தை பரவியபோது நத்தைகுத்தி நாரைகளும் அங்குப் பெருகின. மூடினாலும் நடுவே இடைவெளி விடும் அலகால் ஓட்டுக்குள்ளிருந்து நத்தையை உருவி எடுக்கும் பறவை அது. தீபகற்பத்தில் முன்பு காண்டற்கு அரிதாய் இருந்தது, 2008-க்குப் பின் வடமாநில வயல்களில் தோன்றி, நாளடைவில் பெருங்கூட்டங்களாகத் தெற்கு நோக்கியும் வரலாயிற்று. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைகளுள் இதுவும் ஒன்று. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என அறிந்த அவ்வூர் மக்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியர் லயனல் பிளேசிடம் பறவைகளைச் சுடுவதற்குத் தடை பெற்றனர் என்பது பலரும் அறிந்தது.

ஆக, சுங்கை பஞ்சாங் மாணவர் ‘நாரை’ என்று சொல்வது இன்றும் மெய். அவருடைய பாட்டனார் கடற்கரைப் பக்கம் கண்டு சொன்னதும் மெய். ஆயின் பாட்டனார் கண்டது சேற்றுக்கரை உயிருடன் இருந்ததன் அடையாளம். பேரன் காண்பது வயலில் அயல்நத்தை மலிந்ததன் அடையாளம். சொல் ஒன்று, அது சுட்டும் சூழல் வேறு.

சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துப் பாடிய செய்யுளைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாடு உதவும். அதில் வரும் பவளநிற அலகுடைய பறவை, குளிர்காலத்தில் தென்னகம் வந்து துணையோடு வடக்கே மீளும் செங்கால் நாரை. அது இந்நாட்டுக்கு வழக்கமாக வருவதன்று. நம் மாணவர் மனத்தில் அவ்விடத்தில் ஒரு வயற்கொக்கு நிற்கிறது. கொக்கின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டது ஏன் என்று அவர் திகைப்பது இயல்பே. ஆசிரியர் வகுப்பில் மூன்று படங்களைக் காட்டினால் போதும்: செங்கால் நாரை, நத்தைகுத்தி நாரை, பால்நிற நாரை. முதலிரண்டுக்கும் தமிழகப் பறவை நூல்கள் பெயர் தருகின்றன. மூன்றாவதற்கு ‘உப்பே’ என்னும் மலாய்ப் பெயரை மாணவர் முன்னரே அறிந்திருப்பாராயின், அதனையே எழுதச் செய்வதில் நமக்குத் தடையில்லை.