பட்டா பிரின்ட் எடுத்தால் வலது ஓரம் வெட்டுப்படுகிறதா? சிக்கல் எங்கே, சரிசெய்வது எப்படி?

பேங்க் லோனுக்கு பட்டா நகல் கேட்கிறார்கள். இரணியலில் இருக்கும் ஒருவர் வீட்டிலிருந்தே தமிழக அரசின் இணையச் சேவைக்குள் போய், கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டம், கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து பட்டாவைத் திறந்துவிடுகிறார். திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பிரின்ட் கொடுத்து, காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகிறார். அங்கே கவுன்டரில் இருப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். "அண்ணே, கடைசி கட்டத்தையே காணோமே. கீழே கியூஆர் கோடும் பாதிதான் வந்திருக்கு!"

பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் அடிக்கடி நடக்கிற விஷயம்தான் இது. ஆனால் பட்டா விஷயத்தில் இதைச் சாதாரணமாக விட முடியாது. காரணம், அந்தக் காகிதத்தின் ஓரங்களில்தான் முக்கியமான தகவல்கள் இருக்கின்றன.

ஓரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இணையத்தில் எடுக்கும் பட்டாவில் புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், மற்றவை என்று கட்டங்கள் வரிசையாகப் போகும். வலது ஓரத்தில் கடைசியாக வருவது குறிப்புரை. பட்டா எந்த உத்தரவின்படி மாறியது என்பது போன்ற விவரங்கள் அதில்தான் வரும். சமீபத்தில் உட்பிரிவு செய்து பெயர் மாற்றிய இடம் என்றால், வாங்குபவரும் வக்கீலும் முதலில் தேடுவது இந்தக் கட்டத்தைத்தான்.

அதேபோல காகிதத்தின் கீழ்ப்பகுதியில் குறிப்பு எண்ணும் கியூஆர் கோடும் இருக்கும். அந்த எண்ணை அதே இணையதளத்தில் கொடுத்தால், கையில் இருக்கும் நகல் உண்மையானதா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். அது வெட்டுப்பட்டுப் போனால் சரிபார்க்கவே வழியில்லை. கையில் இருப்பது வெறும் காகிதம்தான்.

திரையில் முழுசாகத் தெரிவது, காகிதத்தில் ஏன் வெட்டுப்படுகிறது?

இணையப் பக்கத்துக்குக் காகிதம் என்றால் என்னவென்றே தெரியாது. அது திரைக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் இடம் போதாவிட்டால் விரலால் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தை அப்படித் தள்ள முடியாதே!

கொஞ்சம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். பிரவுசர் ஒரு அங்குலத்தை 96 பிக்சல் என்று கணக்கிடுகிறது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அப்படியென்றால் தாளின் மொத்த அகலமே சுமார் 794 பிக்சல்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் மார்ஜின் விட்டால் மிஞ்சுவது சுமார் 718. பட்டா அட்டவணையை 1,000 பிக்சல் அகலத்துக்கு வடிவமைத்திருந்தால், நாலில் ஒரு பங்குக்கும் மேல் வெளியே நிற்கும். குரோம் போன்ற பிரவுசர்கள் ஓரளவு தானாகவே சுருக்கிப் பார்க்கும். அதற்கும் அடங்காத அகலம் என்றால் வலது பக்கத்தை வெட்டிவிட்டுப் போய்விடும்.

அச்சுக்கென்று தனி வடிவமைப்பை இணையதளத்திலேயே எழுதி வைக்க முடியும். அதைச் செய்தால் இந்தத் தொல்லையே இருக்காது. பல தளங்களில் செய்யப்படுவதில்லை என்பதால் வேலை நம் தலையில் விழுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது பேப்பர் சைஸ்

பலரும் நேராக மார்ஜினை மாற்றப் போவார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பேப்பர் சைஸ். பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

இந்தியாவில் பெரும்பாலும் பயன்படுத்துவது ஏ4. 210-க்கு 297 மில்லிமீட்டர். 1922-ல் ஜெர்மனியில் கொண்டுவந்த தர அளவு இது. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில் லெட்டர் என்ற வேறு அளவு. அது 216-க்கு 279. கம்ப்யூட்டரில் 'லெட்டர்' என்று இருந்து, பிரின்டரில் ஏ4 தாள் இருந்தால் அகலத்தில் 6 மில்லிமீட்டர் இடிக்கும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் அட்டவணையின் ஓரக்கோட்டையும் கடைசி எழுத்தையும் விழுங்க அது போதும்.

இதைவிட மோசம் 'லீகல்' சைஸ். அதன் நீளம் 356 மில்லிமீட்டர். பத்திர வேலை, கோர்ட் வேலை நடக்கும் ஊர்களில் உள்ள கடைகளில் இந்த அளவு அடிக்கடி ஓடும். இரணியலும் கோர்ட் இருக்கும் ஊர்தான். முன்னால் வந்தவருக்கு லீகலில் எடுத்த செட்டிங்கை பிரவுசர் அப்படியே நினைவில் வைத்திருக்கும். அடுத்து நிற்பவரின் பட்டா ஏ4 தாளில் ஓடினால், கீழே கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் காணாமல் போகலாம். கியூஆர் கோடு அங்கேதானே இருக்கிறது?

செய்ய வேண்டியது என்ன?

கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பட்டனோடு 'பி' எழுத்தை அழுத்தினால் பிரின்ட் பெட்டி திறக்கும். குரோமில் 'மோர் செட்டிங்ஸ்' என்பதைத் தொட்டால்தான் தேவையான எல்லாம் வெளியே வரும். அங்கே பேப்பர் சைஸ் ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது 'ஸ்கேல்'. 'டிஃபால்ட்' என்று இருப்பதை 'கஸ்டம்' ஆக்கி, 80 என்று போடுங்கள். பக்கத்திலேயே முன்னோட்டம் தெரியும். வலது ஓரக்கோடு இன்னும் வரவில்லையா, 75, 70 என்று இறங்குங்கள். 60-க்குக் கீழே போனால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும், வயசானவர்களால் படிக்க முடியாது. அந்த நிலைமை வந்தால் ஸ்கேலை விட்டுவிட்டு, 'லேண்ட்ஸ்கேப்' என்று தாளைப் படுக்கவைப்பதே நல்லது. அகலம் 210-லிருந்து 297 ஆகிவிடும். கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல் இடம்!

பயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பக்க அகலத்துக்குப் பொருத்து என்ற தேர்வு அதிலேயே இருக்கிறது. குரோமில் மல்லுக்கட்டி வெறுத்துப்போனவர்கள் ஒருமுறை பயர்பாக்ஸில் திறந்து பார்க்கலாம்.

மார்ஜினை 'நன்' என்று வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. அதிகம் பேர் நம்பும் தப்பான வழி இது. மார்ஜின் இல்லை என்றால் இடம் கூடும், எல்லாம் வந்துவிடும் என்று தோன்றும். முன்னோட்டத்திலும் அப்படியே காட்டும். ஆனால் தாளைப் பிடித்து உள்ளே இழுக்க பிரின்டருக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். சாதாரண பிரின்டர்கள் நாலு பக்கமும் சுமார் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை அச்சிடாமலே விட்டுவிடும். திரையில் தெரிந்த வரி காகிதத்தில் காணாமல் போவது இதனால்தான். 'நன்' என்பதற்குப் பதில் 'மினிமம்' என்று வையுங்கள். அந்த பிரின்டரால் எவ்வளவு ஓரம் வரை அச்சிட முடியுமோ, அதுவரை மட்டும் போகும்.

நில வரைபடத்துக்கு மட்டும் சுருக்கக் கூடாது

பட்டாவைச் சுருக்கி எடுப்பதில் தப்பில்லை. எழுத்து படிக்கிற மாதிரி இருந்தால் போதும். ஆனால் புல வரைபடம், அதாவது எஃப்எம்பி ஸ்கெட்ச் வேறு கதை.

1:1000 என்று அளவுத்திட்டம் போட்ட வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 10 மீட்டர். பிரின்ட் பெட்டியில் 'ஃபிட்' என்று இருந்து, 94 சதவீதமாகச் சுருங்கி வந்துவிட்டது என்றால், 4 சென்டிமீட்டர் வரவேண்டிய கோடு 3.76 சென்டிமீட்டர்தான் வரும். ஸ்கேல் வைத்து அளப்பவர் 40 மீட்டர் எல்லையை 37.6 மீட்டர் என்று படிப்பார். பரப்பில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். 10 சென்ட் இடம் சுமார் 8.8 சென்ட் ஆகிவிடும். நாஞ்சில் நாட்டில் வஸ்து தகராறு அரை சென்டுக்கே வரும்; இங்கே ஒரு சென்டுக்கு மேல் காகிதத்திலேயே போய்விட்டது.

வரைபடத்துக்கு பிடிஎஃப் ரீடரில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று வைத்துதான் எடுக்க வேண்டும். அப்போதும் ஸ்கேல் வைத்து அளப்பதைவிட, கோட்டின் மேல் மீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவதே சரி. எல்லைப் பிரச்சினை என்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். பிரின்டை வைத்து முடிவுக்கு வர முடியாது.

மொபைலில் இருந்து எடுப்பவர்கள் கவனத்துக்கு

பலர் பட்டாவை மொபைலில் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இதில் இரண்டு நஷ்டம். ஸ்கிரீன்ஷாட்டில் திரையில் தெரிவது மட்டும்தான் வரும். வாட்ஸ்அப் படத்தை அமுக்கி அனுப்புவதால் கியூஆர் கோடு மங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு.

அதற்குப் பதிலாக, குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ஷேர்', பிறகு 'பிரின்ட்' என்று போங்கள். பிரின்டர் பெயர் வரும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்பதைத் தேர்வு செய்து, பேப்பர் சைஸை ஏ4 ஆக்கிச் சேமியுங்கள். சேமித்த ஃபைலைத் திறந்து வலது ஓரமும் கீழ்ப்பகுதியும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போட்டோவாக இல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். கடையில் யார் எந்த செட்டிங் வைத்திருந்தாலும், பிடிஎஃப்பில் பக்க அமைப்பு கலையாது. பெட்டியில் 'ஃபிட்' என்று மட்டும் வைத்தால் பட்டா முழுசாக வந்துவிடும்.

வேலை முடிந்ததும் கடை கம்ப்யூட்டரில் இருக்கும் உங்கள் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். சர்வே நம்பரும் அப்பா பெயரும் இருக்கும் காகிதம் அது. கடையை விட்டு இறங்குவதற்கு முன், அச்சான கியூஆர் கோடை உங்கள் மொபைலிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். ஸ்கேன் ஆகவில்லை என்றால் அங்கேயே இன்னொரு பிரின்ட் போட்டுவிடலாம்.